கணிப்பொறியும் காற்றின் வழியும்

உழைக்கின்ற பொருள் எதுவாயினும் அது வெப்பத்தை வெளிவிடும். ஓடிக் களைத்த குதிரையின் உடல் சுடுகின்றது. சுழலும் சக்கரத்தின் அச்சுச் சுடுகின்றது. அரத்தில் உராயும் இரும்பும் சுடுகின்றது. கணக்கிடும் பொறி இவ்விதிக்கு விலக்கன்று. எண்களைக் கூட்டவும் பெருக்கவும் அது பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. அவ்வெப்பத்தை அழித்தொழிக்க ஒருவராலும் இயலாது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றே நம்மால் ஆவது.

கணிப்பொறியின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகப் பலர் எழுதியுள்ளனர். நான் அதனை வெப்பத்தின் வரலாறாகச் சொல்ல விரும்புகிறேன். அவ்வாறு சொல்லும்போது பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களோடு, தம் வீட்டு மேசையில் ரம்பமும் அரமும் கொண்டு இரும்புப் பெட்டியை அறுத்த, பெயர் தெரியாத பலருக்கும் அதில் இடம் கிடைக்கின்றது.

1946ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் பொறி உலகிற்கு அறிமுகம் செய்யப்பெற்றது. அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. பழைய வானொலிப் பெட்டியில் ஒளிர்ந்த ஐந்தாறு வால்வுகளே அப்பெட்டியைச் சூடாக்கப் போதியவை என்றால், 18,000 வால்வுகள் கூடிய கூடம் எப்படி இருந்திருக்கும்? அப்பொறி ஏறத்தாழ 150 கிலோவாட் மின்திறனை உட்கொண்டது. ஆகவே காற்றை உந்தி வீசும் பெரிய ஊதுபொறிகளையும் அதனுடன் சேர்த்தே அமைத்தார்கள்.

பின்னர் வந்த பெரும்பொறிகளின் கதையும் இதுவே. 1976ஆம் ஆண்டில் வெளிவந்த கிரே-1 என்னும் பொறியில், குளிர்பதனப் பெட்டியில் ஓடுவது போன்ற ஃப்ரியான் குழாய்களில் ஓடி வெப்பத்தைக் கொண்டுசென்றது. 1985ஆம் ஆண்டின் கிரே-2 பொறியிலோ, மின்சுற்றுப் பலகைகளையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் முழுக்கி வைத்தார்கள். இவையெல்லாம் பெரும் செல்வமும் தேர்ந்த பணியாளரும் உடைய நிலையங்களுக்கே உரியவை. கணிப்பொறி எளியவன் வீட்டு மேசைக்கு வந்தபோது, அதன் வெப்பத்திற்குப் பொறுப்பேற்கத் தனியே ஓர் ஆள் இல்லை.

இவ்விடத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் கதை மாணவர்கள் அறியத்தக்கது. 1977ஆம் ஆண்டில் அது வெளியிட்ட ஆப்பிள் II பொறியில் விசிறி இல்லை. விசிறியின் இரைச்சல் வீட்டிற்கு ஒவ்வாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கொள்கை. ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் மிகக் குறைந்த வெப்பம் வெளிவிடும் மின்வழங்கி ஒன்றை வகுத்துத் தந்தமையால் அக்கொள்கை அப்போது வென்றது. ஆயினும், பயன்படுத்துவோர் உள்ளே புதிய பலகைகளைச் செருகச் செருகப் பெட்டி சூடேறியது. பக்கவாட்டில் பொருத்தும் விசிறிகளைப் பிறர் செய்து விற்கத் தொடங்கினர்.

1980ஆம் ஆண்டில் வந்த ஆப்பிள் III பொறியிலும் விசிறி இல்லை. கனத்த அலுமினிய அடித்தளமே வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்று நம்பினார்கள். உள்ளே உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருந்தன. பொறி சூடேறியதும், சில்லுகள் தம் இருக்கையினின்றும் மெல்ல நெகிழ்ந்தன. பொறியைச் சிறிதளவு உயரத்திற்குத் தூக்கி மேசைமீது விட்டால் சில்லுகள் மீண்டும் இருக்கையில் அமரும் என்று பயன்படுத்துவோருக்கு அறிவுரை கூறப்பட்டதாம்! அதன் தோல்விக்கு வெப்பம் ஒன்றே காரணமன்று. சுற்றுப்பலகையிலும் குறைகள் இருந்தன. ஆயினும் காற்றுக்கு வழி விடாமை அக்குறைகளை மிகுவித்தது என்பதில் ஐயமில்லை.

1984ஆம் ஆண்டின் மெக்கிண்டாஷ் பொறியும் விசிறியின்றியே வந்தது. சூடான காற்று இயல்பாகவே மேலெழும் என்னும் உண்மையை நம்பி, பெட்டியின் மேற்புறத்தில் இடுக்குகளை மட்டும் விட்டிருந்தார்கள். அவ்விடுக்குகளின்மேல் அட்டையாலான புகைபோக்கி ஒன்றை நிறுத்திக் காற்றின் ஈர்ப்பைப் பெருக்கியோரும் உண்டு. நகைப்பிற்கிடமான தோற்றந்தான், எனினும் அதன் உள்ளே இருந்தது, அடுப்பின்மேல் புகைக்கூண்டு எழுப்பிய நம் முன்னோர் அறிந்த அதே இயற்பியல் அன்றோ? ஜாப்ஸ் 1985ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை விட்டு நீங்கினார். 1987ஆம் ஆண்டில் வந்த மெக்கிண்டாஷ் எஸ்இ பொறியில் விசிறி இடம்பெற்றது.

அடுத்த பத்தாண்டில் சில்லுகளே சூடேறத் தொடங்கின. இன்டெல் நிறுவனத்தின் தொடக்ககாலச் செயலிகள் துணையேதும் இன்றி வெறுமனே இயங்கின. 1993ஆம் ஆண்டில் வந்த முதல் பென்டியம் செயலி ஏறத்தாழ 15 வாட் வெப்பத்தை வெளிவிட்டது. ஹீட்சிங்க் என்று வழங்கும் துடுப்புத் தகடும், அதன்மேல் ஒரு சிறு விசிறியும் அதற்குத் தேவைப்பட்டன. அவை சில்லின் வெப்பத்தைச் சில்லினின்றும் நீக்கின. ஆனால் பெட்டியினின்றும் நீக்கவில்லை. அடைத்த அறையில் விசிறி சுழன்றால் அதே சூடான காற்றுத்தான் மீண்டும் மீண்டும் சுற்றிவரும்.

பெட்டியின் அமைப்பை வகுத்தோரும் இதனை முதலில் சரிவர உணரவில்லை. 1995ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்னும் அமைப்புமுறையில், மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செயலியின்மேல் வீசவேண்டும் என்று வகுத்திருந்தனர். மின்வழங்கியைக் கடந்துவரும் காற்று அங்கேயே சூடேறிவிடும் என்பது பிறகே நன்கு விளங்கியது. பின்னாளில் அவ்விசிறி வெளிநோக்கித் திருப்பப்பட்டது.

இச்சூழலில்தான் இரும்புப் பெட்டியை அறுப்போர் தோன்றினர். 1998ஆம் ஆண்டில் வந்த செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி, நொடிக்கு 300 மில்லியன் துடிப்புகளுக்கென விற்கப்பட்டது. பலகையின் அடிப்படைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சாக உயர்த்தினால் அது 450இல் ஓடும் என்று ஆர்வலர் கண்டனர். ஓவர்கிளாக்கிங் என்பது இம்முயற்சியின் பெயர். வேகம் ஒன்றரை மடங்கானால், துடிப்பினால் விளையும் வெப்பமும் ஒன்றரை மடங்காகும். மின்னழுத்தத்தையும் கூட்டினாலோ, வெப்பம் அதன் இருமடிக்கேற்ப உயரும். விலையுயர்ந்த செயலியை வாங்க இயலாத மாணவன் ஒருவன் அதற்கு ஈடான வேகத்தைப் பெற விரும்பினால், வெப்பத்தை வெளியேற்றும் வழியைத் தானே காணவேண்டியிருந்தது. உத்தரவாதம் போய்விடும் என்று அறிந்தே அவன் அதில் இறங்கினான்.

அவன் கண்ட முதல் உண்மை எளியது. அக்காலத்துப் பெட்டி ஒன்றைத் திறந்து அதன் பின்புறத்தை நானும் உற்று நோக்கியிருக்கிறேன். விசிறிக்கென ஒதுக்கிய வட்டத்தில் சிறு சிறு துளைகளே இருந்தன. வட்டத்தின் பெரும்பகுதியை இரும்பே அடைத்துக்கொண்டிருந்தது. ஆர்வலர்கள் அத்தகட்டை வட்டமாக அறுத்தெடுத்துவிட்டு, விரலைக் காக்கும் கம்பி வலையை அங்கே பொருத்தினார்கள். முன்புறம் தாழ்வான இடத்தில் காற்று உள்ளே வரவும், பின்புறமும் உச்சியிலும் அது வெளியேறவும் வழி செய்தார்கள்.

கணக்கும் அவர்களுக்குத் துணைநின்றது. 200 வாட் வெப்பத்தை வெளியேற்ற, உள்ளே செல்லும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 பாகை செல்சியஸ் மட்டுமே சூடாயிருக்க வேண்டுமானால், நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு கனமீட்டர் காற்று ஓடவேண்டும். 80 மில்லிமீட்டர் விசிறியைக் காட்டிலும் 120 மில்லிமீட்டர் விசிறியின் வட்டப்பரப்பு இரண்டேகால் மடங்கு. ஆகவே பெரிய விசிறி மெல்லச் சுழன்றே அதே அளவு காற்றைத் தரும், இரைச்சலும் குறையும். சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, மோட்டார் வண்டியின் வெப்பமூட்டியிலிருந்து எடுத்த ரேடியேட்டரையும், மீன்தொட்டிக்குரிய பம்பையும் இணைத்துச் செயலியை நீரால் குளிர்வித்தனர். கிரே பொறியின் கூடத்தில் நிகழ்ந்ததன் சிற்றுருவம் இவ்வாறு வீட்டு மேசைக்கு வந்தது.

அறுக்கும் தொழிலுக்கு ஒழுங்கும் வேண்டும். மின்னிணைப்பைத் துண்டித்து, பலகைகளையும் மின்வழங்கியையும் முற்றிலும் வெளியே எடுத்த பின்னரே தகட்டில் ரம்பம் படவேண்டும். உள்ளே விழுந்த ஓர் இரும்புத் துகள் போதும், சுற்றினைக் குறுக்கிணைத்துப் பலகையை எரித்துவிடும். மின்வழங்கியின் உறையைத் திறத்தல் ஆகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் உயிருக்கு ஊறு செய்யவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

பெயரற்றோர் செய்த இவ்வேலைகளைத் தொழிற்சாலைகள் நெடுநாள் புறக்கணிக்கவில்லை. 120 மில்லிமீட்டர் விசிறி, அகன்ற வலைத்திறப்பு, தூசு தடுக்கும் வடிகட்டி ஆகியவை விற்பனைப் பெட்டிகளின் இயல்பான உறுப்புகளாயின. 1980இல் ஒரு விசிறியையும் ஏற்க மறுத்த ஆப்பிள் நிறுவனம், 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் மேக் ஜி5 பொறியில் ஒன்பது விசிறிகளை அமைத்தது. பெட்டியை நான்கு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றின் வெப்பத்திற்கேற்ப விசிறிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தியமையால் இரைச்சலும் அடங்கியது. மறு ஆண்டில் அவ்வரிசையின் மிக விரைந்த பொறிக்குத் திரவக் குளிர்விப்பும் வந்தது.

எனினும் காற்றுக்கும் நீருக்கும் ஓர் எல்லை உண்டு. 2004ஆம் ஆண்டில் பென்டியம் 4 செயலியின் வெப்பம் 100 வாட்டைக் கடந்தது. நொடிக்கு 400 கோடித் துடிப்புகள் கொண்ட பென்டியம் 4 செயலியை வெளியிடும் திட்டத்தை இன்டெல் அவ்வாண்டிலேயே கைவிட்டது. 2005 முதல், ஒரே சில்லில் இரண்டு செயலிகளை அமைத்து வேலையைப் பகிர்ந்தளிக்கும் முறை பரவியது. துடிப்பை மட்டும் உயர்த்திக்கொண்டே செல்லும் பாதையை வெப்பம் அடைத்துவிட்டது.

இவ்வரலாறு மாணவர்க்கு இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. இயற்கையின் விதியை எந்த நிறுவனத்தின் விருப்பமும் மாற்றாது என்பது ஒன்று. அவ்விதியை அறிந்துகொள்ளப் பெரிய ஆய்வுக்கூடமே வேண்டும் என்பதில்லை என்பது மற்றொன்று. மூடிய பெட்டியை அது செய்து தரப்பட்ட வண்ணமே ஏற்று அமைவோர் பலர். காற்று எங்கே நுழைகின்றது, எங்கே தடைபடுகின்றது, எவ்வழியே வெளியேறுகின்றது என்று கேட்டு, அளந்து, அதன்பின் ரம்பத்தை எடுத்தவர் சிலர். பின்னாளில் பெட்டி செய்தோர் பின்பற்றியது அச்சிலர் வகுத்த வழியைத்தான்.