வியட்நாமின் புகழ்பெற்ற காவியம்... பழைய பிரதியைக் கொடுத்தால் வியட்நாமியர்களாலேயே படிக்க முடியாது! ஏன் தெரியுமா?

2016 மே மாதம் ஹனோய்க்குப் போன ஒபாமா, தன் உரையின் இறுதியில் ஒரு வியட்நாமியக் கவிதையை மேற்கோள் காட்டினார். 2000-ல் அங்கு போன கிளிண்டன் காட்டியதும் அதே நூலைத்தான். அது, நுயென் யூ எழுதிய 'ட்ருயென் கியெவ்'. அதன் பழைய பிரதியை நீட்டினால், இன்றைய வியட்நாமியர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வரிகூடப் புரியாது.

அப்படி என்ன கதை?

குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே விலைபேச ஒப்புக்கொள்கிறாள் கியெவ் என்ற பெண். காதலனைப் பிரிந்து 15 ஆண்டுகள் அலைக்கழிகிறாள். மூலக்கதை சீன நாவல்தான். ஆனால் 1820-ல் மறைந்த நுயென் யூ, அதை 6 அசை, 8 அசை என மாறிமாறி வரும் உள்ளூர் யாப்பில் 3,254 அடிகளாகப் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைப் பிரித்துக் குறி பார்ப்பவர்களும் உண்டு!

பிறகு ஏன் படிக்க முடியவில்லை?

அவர் எழுதியது 'நோம்' எழுத்தில். சீன எழுத்துகளை வைத்து வியட்நாமியர்கள் உருவாக்கிய முறை இது. உதாரணமாக, மூன்று என்பதற்கு அவர்கள் சொல் 'பா'. சீன மொழியின் மூன்றையும், 'பா' என ஒலிக்கும் இன்னொரு சீன எழுத்தையும் ஒட்டினால் நோம் எழுத்து ரெடி. அதாவது, சீன எழுத்து தெரியாமல் நோம் கற்கவே முடியாது. போதாக்குறைக்கு, ஒரே எழுத்தைச் சில இடங்களில் இரண்டு மூன்று விதமாக வாசிக்கலாம். நுயென் யூவின் கையெழுத்துப் பிரதியும் கிடைக்கவில்லை. அச்சுப் பிரதிகளோ ஒன்றோடொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை. எந்தச் சொல் சரி என்று பதிப்பாசிரியர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

எழுத்து மாறியது எப்படி?

கிறிஸ்தவ மிஷனரிகள் வியட்நாமிய மொழியை லத்தீன் எழுத்தில் எழுதினார்கள். அப்படி ஓர் அகராதி 1651-லேயே ரோமில் அச்சானது. பிரெஞ்சு ஆட்சி அந்த எழுத்தைப் பரப்பியது. 1919-ல் சீன எழுத்தில் நடந்த அரசுத் தேர்வும் நின்றுபோக, பழைய எழுத்தைப் படிக்க ஆளில்லை.

தாய், கெமர், பர்மிய இலக்கியம் படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்த அவர்களின் எழுத்துகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கம்போடியாவின் துயரம் வேறு. 1975-79 கெமர் ரூஜ் ஆட்சியில் மடாலய ஓலைச்சுவடிகள் பெருமளவில் அழிந்தன. எழுத்து தெரிந்தால் போதுமா, படிக்க ஏடு வேண்டாமா?

வியட்நாமில் இப்போது?

பள்ளிகளில் கியெவ் கதை லத்தீன் எழுத்தில் பாடமாக இருக்கிறது. நோம் படிக்க விரும்புகிறவர்கள் பல்கலைக்கழகத்தில் தனிப் பாடமாக எடுக்க வேண்டும். பழைய பிரதிகளை ஹனோயில் உள்ள ஹான் நோம் ஆய்வு நிறுவனம் திரட்டிப் பாதுகாக்கிறது.