மலைநாட்டு நீரும் 5000 அடிக் கோடும்

கொழும்பு மாநகரில் வாழும் நாம் குழாயைத் திறந்தவுடன் நீர் வருதல் இயற்கையின் நியதி என்றே எண்ணிப் பழகிவிட்டோம். வெள்ளவத்தை வீடுகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஒருநாட் காலை குழாய் வறண்டுபோனாலன்றி, அந்நீர் எங்கிருந்து வருகின்றது என்ற வினா நம்முள் எழுவதில்லை. 1886இல் நிறைவுற்ற லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து முதன்முதலாகக் குழாய்வழி நகருக்கு நீர் கொணரப்பட்டது. பின்னர் கலட்டுவாவ நீர்த்தேக்கமும், களனி கங்கையிலிருந்து நேரே நீர் எடுக்கும் அம்பத்தளை நிலையமும் அதனோடு சேர்ந்தன. இவை யாவும் களனிப் படுகையின் நீரே. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் முகத்துவாரத்திலே கடலொடு கலக்கும் அவ்வாறு, சிவனொளிபாதமலைத் தொடரிலும் ஹோட்டன் சமவெளியிலும் ஊற்றெடுக்கும் மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா எனும் இரு சிற்றாறுகளின் கூட்டாற் பிறப்பது. 1950இல் லக்சபானவில் மின்னுற்பத்தி தொடங்கிய காலந்தொட்டு, நமது வீட்டு விளக்குகளும் அம்மலைகளுக்குக் கடன்பட்டவையே.

ஆகவே, மலையின் வரலாறு நகரத்தாருக்குப் புறம்பானதன்று. அவ்வரலாற்றைச் சற்று நோக்குவாம்.

வெப்பமண்டலத்து உயர்மலைகளின் நீரைப்பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் பனிப்பாறைகளையே முதலிற் கருதுவர். தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளிலே, வறண்ட மாதங்களிற் பனி உருகிவரும் நீர் வயல்களையும் நகரங்களையும் காத்துவந்தது. பெரு நாட்டின் குவெல்க்காயாப் பனித்திடலை 1983இல் துளைத்தெடுத்த ஆய்வாளர், அதன் படைகளிற் பல நூற்றாண்டுகளின் மழையையும் வறட்சியையும் படித்தறிந்தனர். இன்று அப்பனி சுருங்கி வருகின்றது. பொலிவியாவின் சக்கல்தாயாப் பனிப்பாறை 2009இல் அடியோடு மறைந்தது.

நம் நாட்டில் அத்தகைய பனியில்லை. நமது மிகவுயர்ந்த சிகரமான பீதுருதலாகலையின் உயரம் 2524 மீற்றரே. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளிற் பனி நிலைத்திருக்க ஏறத்தாழ அதனிலும் இருமடங்கு உயரம் வேண்டும். ஆயினும் பனிப்பாறை செய்யும் இரு பணிகளையும் நமது மலைகள் வேறு வழியிற் செய்கின்றன. ஒன்று, நீரைச் சேமித்தல். மற்றது, காலத்தின் கணக்கைக் காத்தல்.

2000 மீற்றருக்கு மேலே, காற்றில் முறுக்குண்டு, பாசி போர்த்து, குட்டையாக நிற்கும் மரங்களைக் கொண்ட முகிற்காடுகள் உள. மழை பெய்யாத நாளிலும் மூடுபனி அக்காட்டினூடாகத் தவழ்கின்றது. இலையும் பாசியும் அப்பனித்திவலையைச் சீவியெடுத்துச் சொட்டுச் சொட்டாக நிலத்தில் இறக்குகின்றன. மக்கிய இலைகள் செறிந்த மண் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுகின்றது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் ஹோட்டன் சமவெளி நீரூட்டும் விந்தை இதுவேயாம். அச்சமவெளியின் சதுப்பு மண்ணைத் துளைத்து, அதிற் புதைந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தோரின் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. இருபதினாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதையை அம்மண் கூறிற்று. உலகின் வடபால் பனிமூடிக் கிடந்த காலத்தில் இங்கே பருவமழை நலிந்து வறட்சி நிலவியதையும், பின்னர் மழை வலுத்துக் காடு பெருகியதையும் அதிற் காண்கின்றோம்.

இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் ஆக்கியதை மூலதனம் அரை நூற்றாண்டில் மாற்றியது. கண்டி அரசின் காலத்தில் மலைக்காடுகளுட் சில, எவரும் வெட்டலாகாத தடைக்காடுகளாக இருந்தன. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1820களிலே தேசாதிபதி பார்ன்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பித் தோட்டம் அமைத்து வழிகாட்டினார். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. அந்நாளில் ஓர் ஏக்கர் காட்டின் விலை வெறும் 5 ஷில்லிங். அரசாங்க உத்தியோகத்தரே வாங்குவோராகவும் விற்போராகவும் விளங்கினர். 1870களின் இறுதியில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் கோப்பி நின்றது. காட்டை வீழ்த்தித் தீயிட்டபின், சரிவில் ஒரு புல்லும் நில்லாதபடி சுரண்டுவதே நல்ல பராமரிப்பு எனத் துரைமார் கருதினர். ஒவ்வொரு மழையும் மேன்மண்ணை ஆற்றுக்கு ஈந்தது.

காடழிந்தால் ஊற்று வற்றும் என்ற அச்சம் அறிஞரிடையே அப்போதே எழுந்தது. 1873இல், கியூ பூந்தோட்டப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின்படி, 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்றலும் வெட்டலும் தடுக்கப்பட்டன. இது சிறந்த செயல் என்பதை மறுத்தற்கில்லை. இன்று எஞ்சியுள்ள முகிற்காட்டிற் பெரும்பங்கு அவ்வாணையின் பயனே. ஆயினும் அது வரையப்பட்ட காலத்தை நாம் மறத்தலாகாது. கோட்டுக்குக் கீழே விற்கத்தக்க காடுகள் பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருந்தன. மேலேயும் முன்னரே விற்கப்பட்டவை தோட்டங்களாகவே தொடர்ந்தன. சேனைப்பயிர் செய்த ஏழைக் கிராமத்தானைக் காடழிப்போன் என இகழ்ந்த அதிகாரிகள், இலட்சக்கணக்கான ஏக்கரை எரித்தவர்களை முன்னேற்றத்தின் முன்னோடிகள் எனப் போற்றினர். மலைமுடியை நீருக்கென ஒதுக்கினர். மலைச்சரிவை இலாபத்துக்கென விட்டனர்.

சரிவில் வாழ்ந்த மனிதர் இக்கணக்கில் யாண்டும் இடம்பெறவில்லை. தமிழகத்திலிருந்து கடல்கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தவர் அவர்கள். அவ்வழியில் மடிந்தோர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபோது நட்டமடைந்த துரையின் பெயர் ஏட்டில் உண்டு. வேலையிழந்த கூலியின் பெயர் இல்லை. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, 1900க்குள் மூன்று இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவியது. தேயிலை நட உதவாத சரிவோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் லயன்கள் எழுந்தன. மூன்று கங்கைகளின் பிறப்பிடத்தே வாழ்ந்தும், ஒரு பீலித் தண்ணீருக்கு இம்மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றனர்.

நாடு விடுதலை பெற்றபின் நிகழ்ந்ததோ இன்னும் கொடிது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. மூன்றாண்டு கழித்து, 1951இல், மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மண்ணைக் காக்கச் சட்டம் வகுத்த அதே நாடாளுமன்றம், அம்மண்ணிற் பாடுபட்டோரைக் கைவிட்டிருந்தது! பிரசாவுரிமைச் சிக்கல் சட்டத்தளவில் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மலை தன் கணக்கை மறப்பதில்லை. சரிவிலிருந்து வழிந்த மண் பொல்கொல்லை அணைக்குள் வண்டலாகப் படிந்தது. வறட்சியால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் தாழும்போது, 1960களின் இறுதியில் அதனுள் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் வெளித்தோன்றுகின்றன. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசிய வனமாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. எனினும் அதன் மரங்கள் பரந்த அளவிற் பட்டுப்போகின்றன. வறட்சி, மாசுற்ற காற்று, மண்ணின் குறை எனக் காரணம் பலவாறு கூறப்படுகின்றது. உலகு வெப்பமுற முகில்மட்டமும் மேலெழுமாயின், மேலே செல்ல இடமில்லாத இக்காடு என்னாகும்?

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கியது; நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அதே நாள்களிற் களனி கரைபுரண்டு கொழும்பின் புறநகர்களை மூழ்கடித்தது. மேலே சேறு, கீழே வெள்ளம்: இரண்டும் ஒரே மழையின் இரு முகங்கள். ஆனால் வெள்ளம் வடிந்தபின் நகரத்தான் தன் வீட்டுக்கு மீள்கின்றான். சரிவில் லயனை இழந்தவனுக்கோ மீளுதற்குச் சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லை.

ஆசிரியராகிய நாம் நாட்டின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, ஆறுகளை நீலக்கோடுகளாகக் காட்டுகின்றோம். மாணவர் அவற்றின் பெயரை மனனஞ்செய்து புள்ளி பெறுகின்றனர். அக்கோடு தொடங்கும் இடத்தே காடும், காட்டின் கீழே தோட்டமும், தோட்டத்திலே மனிதரும் உளர் என்பதைப் பூமிசாத்திரமும் கூறுவதில்லை, சரித்திரமும் கூறுவதில்லை. இரண்டையும் ஒருங்கே கற்பித்தல் நம் கடன்.

1873இன் கோடு மலைமுடியைக் காத்தது. அது தொடர்ந்து காக்கப்படல் வேண்டும். ஆனால் சரிவிற் பயிரிடும் முறையை மாற்றாமலும், அங்கு வாழ்வோருக்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் தூய குடிநீரும் உரிமையாகக் கிட்டாமலும், முடியை மட்டும் காத்தல் இயலாது. தன்னுடையதல்லாத மண்ணைத் தலைமுறைக்கெனப் பேணுமாறு எவரையும் கேட்டல் முறையுமன்று. நிலவுரிமைக்காக மலையக மக்கள் எழுப்பும் குரல் நமது குடிநீருக்கான குரலும் ஆகும். களனியின் கரையில் வாழும் நாம் அக்குரலோடு சேர்தல் தருமமாகாது; நெடுநாட் கடனின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்துதலேயாகும்.