தம்பானை வேடர்

அக்கரப்பத்தனை மலைச்சாரலில் பிறக்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவோடு கலந்து மகாவலியை அடைகின்றது. மகாவலி கீழிறங்கிப் பாயும் மகியங்கனைக்கு அப்பால் தம்பானை என்னுஞ் சிற்றூர் உளது. இலங்கையின் ஆதிகுடிகளாகிய வேடரின் பெயர்பெற்ற உறைவிடம் அதுவே.

வேட்டையும் தேனும் சேனைப்பயிரும் அவர்தம் வாழ்வாதாரம். றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். அம்பு வேண்டும் வேடர், இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியையும், அம்பின் வடிவாக வெட்டிய இலையையும் தொங்கவிட்டுச் செல்வர். அம்பு செய்து கொடுத்தவனுக்கு மேலும் இறைச்சி கிடைக்கும். செய்யாதவனை இருளில் அம்பு தேடிவரும். ஏட்டில் எழுதாத ஒப்பந்தம்; ஆயினும் இருதரப்பாரும் அதனை அறிந்திருந்தனர்.

பிற்காலம் எழுத்தில் உள்ள உரிமையையே கேட்டது. 1977 இன் பின் மகாவலித் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமாயிற்று. முன்னோர் வேட்டையாடிய காட்டில் வேட்டை குற்றமாயிற்று. பல குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. முதிய தலைவர் ஊருவரிகே திசாஹாமியோ தம்பானையை விட்டு நீங்க மறுத்தார். அவர் மைந்தர் வன்னில அத்தோ 1996 இல் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகளின் ஆதிகுடிகள் செயற்குழு முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். 1998 இல் தந்தை மறைய, தலைமை அவரிடம் வந்தது.

மகாவலி நீரால் வயல்கள் விளைந்தன என்பது உண்மையே. எனினும், காணி உறுதி இல்லாதவனுக்குக் காணியே இல்லையா என்னும் வேடரின் வினா, தலைமுறைகளாய் மலையில் உழைத்த தோட்ட மக்களுக்குப் புதிதன்று.