புகை குடிபெயர்ந்த கதை

1856-ஆம் ஆண்டு, சூலைத் திங்கள் முதல் நாள். இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு நோக்கி இரயில் வண்டி புறப்பட்டது. தென்னாட்டு மக்கள் கண்ட முதல் இரயில் பயணம்! வண்டி இங்கே ஓடிற்று. பணமோ இலண்டனிலிருந்து வந்தது. முதலீடு செய்த வெள்ளையருக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட வட்டி கிடைப்பது உறுதி எனக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. வருமானம் மிகுந்தால் பங்குதாரருக்கு ஆதாயம். குறைந்தால் வரி கட்டும் குடியானவன் ஈடு செய்யவேண்டும்! அன்னிய மூலதனம் நம் நாட்டில் கால்பதித்த வகை அது.

அந்த வண்டிக்குத் தீனி எது? கப்பலில் வந்த நிலக்கரிக்கு விலை அதிகம். ஆகவே விறகு எரித்தார்கள். புதர்க்காடுகள் அழிந்தன. பின்னர் கடற்கரை மணலிலே சவுக்கு நட்டு, அதையும் வெட்டி எரித்தார்கள். சென்னைக்கு வடக்கே கடலோரமாக நடப்போர் இன்றும் காணும் சவுக்குத் தோப்புகளுக்குப் பின்னே இந்த வரலாறு இருக்கிறது. வளர்ச்சி வந்தது, கூடவே புகையும் வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. வந்த புகை எங்கே போயிற்று?

பொருளியல் வல்லுநர் ஒரு விடை வைத்திருக்கின்றனர். நாடு ஏழையாக இருக்கும்வரை புகை வளரும். செல்வம் பெருகியபின் தானே குறையும் என்பர். 1955-இல் அமெரிக்க அறிஞர் சைமன் குசுநெட்சு, வருவாய் ஏற்றத்தாழ்வு முதலில் ஏறிப் பின்னர் இறங்கும் என்று எழுதினார். 1990-களில் குரோசுமன், குரூகர் என்னும் இருவர் அதே வடிவத்தைக் காற்று மாசிலும் கண்டனர். மலைபோல் ஏறி மலைபோல் இறங்கும் வளைகோடு! கேட்பதற்கு இனிக்கிறது. பொறுத்திருங்கள், பணம் வரும், பணம் வந்தால் வானம் தெளியும் என்கிறது அந்தக் கோடு.

வடசென்னையின் வரலாறு அந்தக் கோட்டோடு பொருந்துகிறதா?

1955-இல் எண்ணூரிலே அசோக் லேலண்டு ஆயிற்று, பிரிட்டனின் லேலண்டு மோட்டார்சு கம்பெனியின் பங்குடன். அதே ஆண்டு திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் தோன்றிற்று. 1965-இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான கம்பெனி பிறந்தது: இந்திய அரசுக்கு 74 விழுக்காடு, அமெரிக்க அமாகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய்க் கம்பெனிக்கு 13. 1969-இல் ஆண்டுக்கு 25 இலட்சம் டன் சுத்திகரிக்கும் ஆற்றலுடன் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று அதன் ஆற்றல் 1 கோடியே 5 இலட்சம் டன். அமாகோ 1985-இல் பங்கை விட்டு விலகிற்று. புகைபோக்கி விலகவில்லை!

இந்த ஆலைகள் வந்திருக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆலைச் சங்கு ஊதியபின்தான் வடசென்னையின் ஆயிரமாயிரம் வீடுகளில் மாதச் சம்பளம் என்ற சொல் புழங்கியது. சாதித் தொழிலின் சங்கிலி அறுந்ததும் அந்த வாயில்களில்தான். தொழில் வேண்டாம் என்று ஏழைக்கு உபதேசம் செய்வது, வயிறு நிறைந்தவன் பட்டினியின் பெருமை பேசுவதற்கு ஒப்பாகும். எல்லாப் பழியும் அன்னியனைச் சேரும் என்பதும் உண்மையன்று. 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017-இல் மூடப்பட்ட 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் நம் அரசே நடத்தியது. அத்திப்பட்டின் வடசென்னை நிலையமும் அரசுடையதே. வல்லூர் நிலையம் மத்திய, மாநில அரசு நிறுவனங்களின் கூட்டு.

சரி, புகையின் பயணத்துக்கு வருவோம். இராயபுரம் மக்கள் பல்லாண்டுக் காலம் சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசியை மூச்சுடன் இழுத்தனர். வழக்குத் தொடர்ந்தனர். 2011-இல் உயர் நீதிமன்றம், நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் கையாளப்படலாகாது, எண்ணூருக்குச் செல்லட்டும் என்றது. எண்ணூர்த் துறைமுகம், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிக்காகவே கட்டப்பட்டு, 2001-இல் திறக்கப்பட்டது. இராயபுரத்துச் சாளரங்கள் வெளுத்தன. நிலக்கரி குறைந்ததா? இல்லை! சில கல் தொலைவு வடக்கே குடிபெயர்ந்தது. வளைகோடு இராயபுரத்தில் இறங்கிற்று, அத்திப்பட்டில் ஏறிற்று. ஒரு நகருக்குள் நடந்த இதுவே நாடுகளுக்கிடையேயும் நடக்கிறது. செல்வ நாடுகள் தம் புகை மிகுந்த தொழில்களை, சட்டம் தளர்ந்த, குரல் மெலிந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டு, தம் வானம் தெளிந்ததெனக் கணக்குக் காட்டுகின்றன.

தூசிக்காவது வழக்காட ஆளிருந்தது. அது துணியில் படியும், தொண்டையை அடைக்கும். 1952 டிசம்பரில் இலண்டனைப் புகைமூட்டம் கவ்வி ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1956-இல் அங்கே தூய காற்றுச் சட்டம் பிறந்தது. கரியமில வாயுவுக்கோ நிறமில்லை, மணமில்லை. எண்ணூரில் எழுந்த வாயு எண்ணூரில் தங்குவதில்லை. உலகமெங்கும் பரவி நூற்றாண்டுகள் நிற்கும். வல்லூரின் 1,500 மெகாவாட்டும் முழு ஆற்றலுடன் ஒரு மணி நேரம் ஓடினால் 15 இலட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் 1,500 டன் கரியமில வாயு. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி எந்தத் தெருவும் நீதிமன்றப் படி ஏறவில்லை. அதனால்தான் தூசியின் வளைகோடு சில இடங்களில் இறங்கியபோதும், கரியமில வாயுவின் கோடு தானாக இறங்குவதில்லை.

அது யார் கணக்கு என்பதும் கேள்வியே. 1990-களில் சென்னையின் தெற்கிலும் மேற்கிலும் ஃபோர்டும் ஹூண்டாயும் ஆலை எழுப்பின. கார்கள் கப்பலேறி வெளிநாடு சென்றன. அவற்றைச் செய்ய எரித்த நிலக்கரியின் வாயு இந்தியாவின் பேரேட்டில் ஏறிற்று. இந்தியனின் தலைக்கு ஆண்டுக்கு இரண்டு டன் அளவில் கரியமில வாயு; அமெரிக்கனுக்கு அதைப்போல் ஆறேழு மடங்கு. அந்த இரண்டு டன்னிலும் அயலான் ஓட்டும் காரின் பங்கு அடங்கியிருக்கிறது!

அன்னியர் கொணர்ந்ததெல்லாம் புகையே என்றும் சொல்வதற்கில்லை. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் டென்மார்க் உதவியால் காற்றாலைகள் சுழன்றன. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எத்தகைய யந்திரத்துக்கு அனுமதி தருகிறோம் என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. அதே தமிழகத்தில்தான் 2024-இல் வடசென்னையில் மேலும் 800 மெகாவாட் அனல்மின் அலகு தொடங்கிவைக்கப்பட்டது.

காட்டுப்பள்ளி இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுகூடும் ஊர். ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பழவேற்காட்டு உப்பங்கழியோடு சேரும் நீர்நிலைகள். 2010-இல் எசுப்பானியப் பெஃபெசாவும் ஐ.வி.ஆர்.சி.எல்.லும் சேர்ந்து அங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நிறுவின. ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும்; முழு அளவில் ஓடினால் நாளுக்கு மூன்று, நான்கு இலட்சம் யூனிட். மாநகரின் தாகம் தீர்ப்பதற்கும் நிலக்கரி! எல் அண்டு டி அமைத்த துறைமுகம் 2013-இல் இயங்கத் தொடங்கி, 2018-இல் அதானி வசமாயிற்று. 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,111 ஏக்கராக்கி, ஆண்டுக்கு 32 கோடி டன் சரக்குக் கையாளும் திட்டம் முன்வைக்கப்பட்டது.

2021 சனவரி 22-இல் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவில்லை. 2023 செப்டம்பர் 5-க்குக் குறித்த கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. கூட்டம் என்று கூடினாலும், மீனவர் தம் முகத்துவாரத்தைப் பற்றிக் கேட்பர். உப்பங்கழியின் இறாலைப் பற்றிக் கேட்பர். இன்னொரு கேள்வியும் அவர்கள் கையில் இருக்கட்டும்: அந்த 32 கோடி டன்னில் நிலக்கரி எத்தனை, அது எரிந்தால் எழும் வாயு எத்தனை, அந்த வாயுவை எந்த நாட்டின் கணக்கில், எவருடைய பெயரில் எழுதப்போகிறீர்கள்?