கணித அச்சம்

எண்களைக் கையாளும்போது எழுந்து, தெரிந்த கணக்கையும் தடுமாறச் செய்யும் பதற்றமே கணித அச்சம். 1957இல் உளவியலாளர்கள் டிரெகரும் எய்கனும் இதனை ‘எண் பதற்றம்’ எனத் தனித்துக் குறித்தனர். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காக, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். இராமானுஜம் தலைமையில் கூடிய குழு, பெரும்பாலான குழந்தைகளிடம் உள்ள அச்சத்தையும் தோல்வி உணர்வையும் கணிதக் கல்வியின் முதற்குறையாகச் சொன்னது. 63இல் 28ஐக் கழிக்கும் சிறுமி, கடன் வாங்கிய பத்தை மனத்தில் நிறுத்தி வைத்திருக்க வேண்டும். பயம் நிரம்பிய மனத்தில் அதற்கு இடமிருப்பதில்லை. இவ்வச்சம் பெண்களிடம் கூடுதலாகப் பதிவாவதைக் கொண்டு, கணக்கு அவர்களுக்கு இயல்பாகவே வராது என்பது தவறு.

பிரான்சில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பில் சேரும்போது ஆண், பெண் குழந்தைகளிடையே கணிதத் திறனில் வேறுபாடு ஏறத்தாழ இல்லை. நான்கே மாதத்தில் இடைவெளி தோன்றிவிட்டது. அது வயதோடு அல்ல, பள்ளியில் கழித்த காலத்தோடு வளர்ந்தது. மேகாலயப் பகுதியில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வும், இடைவெளி இயல்பானதல்ல என்பதையே வேறு வழியில் காட்டுகிறது. துண்டுகளைப் பொருத்தும் புதிரில், தந்தைவழிச் சமூகமான கார்பியில் ஆண்கள் முந்தினர். தாய்வழிச் சமூகமான காசியில் அந்த இடைவெளியே இல்லை. அத்தகைய திறன் நம் ஊர்களிலும் தெரிகிறது: இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களின் வாசலில், ஏழிலிருந்து நான்கு வரை ஊடுபுள்ளி வைத்துக் கோலம் போடும் சிறுமி 37 புள்ளிகளை வரிசை பிசகாமல் இடுகிறாள், கோலக் கம்பியை அவற்றைச் சுற்றி வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறாள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974இல் கணினி இலக்கணமாக எழுதியது இத்தகைய கோலங்களைத்தான். இந்தத் திறனை வகுப்பறை பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

திறன் குறைவதால்தான் அச்சம் வருகிறது என்பர் சிலர். அதுவும் உண்மையே, ஆனால் அது பாதி உண்மை. உளவியலாளர் பெய்லாக் குழுவினரின் 2010 ஆய்வில், கணக்குக்கு அஞ்சும் ஆசிரியைகளிடம் படித்த சிறுமிகளில், ஆண்டு முடிவுக்குள் ‘கணக்கு பையன்களுக்குத்தான்’ என்று நம்பத் தொடங்கியவர்களே பின்தங்கினர். ஆண்டுத் தொடக்கத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. 17 ஆசிரியைகளை மட்டும் கொண்ட சிறு ஆய்வு அது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்ச்சியில் மாணவிகள்தானே முந்துகிறார்கள் என்பது இன்னொரு மறுப்பு. தேர்ச்சி வேறு, பாடத்தைத் தேர்ந்தெடுப்பது வேறு. பதினொன்றாம் வகுப்பில் அஞ்சி, கணக்கு இல்லாத குரூப்பைக் கேட்டு வாங்கிய பெண்ணின் மதிப்பெண் பட்டியலில் அந்த அச்சம் பதிவாவதில்லை.