நான்காம் பரிமாணம் கண்ட பெண்மணி



இரவில் விளக்கின் முன் ஒரு தீப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சுவரில் நிழல் நீளும், குறுகும். பெட்டியோ மாறுவதில்லை. நீளம், அகலம், உயரம் உள்ள பொருளுக்குத் தட்டையான நிழல். நான்காவது பரிமாணமும் உடைய பெட்டி ஒன்று இருந்தால், அதன் நிழல் பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டி போன்ற கனவடிவமாகத் தோன்றும். அதைச் சுழற்றினால் உள்பெட்டி வெளியே வரும்; வெளிப்பெட்டி உள்ளே புகும்!

இத்தகைய வடிவங்களை மனக்கண்ணால் கண்டவர் அலிசியா பூல் ஸ்டாட். அயர்லாந்தில் 1860-இல் பிறந்தார். கணித மேதையான தந்தை ஜார்ஜ் பூல் 1864-இல் மறைந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. அலிசியா கல்லூரியில் பயின்றதில்லை. ஹின்டன் என்பவர் கொண்டுவந்த சிறு மரக்கட்டைகளை அடுக்கிப் பழகினார். நான்கு பரிமாணத்தில், குழிவின்றி எல்லாப் பக்கமும் ஒத்த வடிவங்கள் ஆறே என்று தாமாகவே உணர்ந்தார். ஷ்லாஃப்லி என்ற சுவிஸ் அறிஞர் இதை முன்பே கண்டிருந்ததை அவர் அறியார்.

வாழைத்தண்டை நறுக்கினால் தட்டையான வட்டம் தெரிகிறது. நான்கு பரிமாணப் பொருளை நறுக்கினால் கனவடிவம் கிடைக்கும். அவ்வடிவங்களை, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, அட்டையில் செய்தார் அலிசியா. நெதர்லாந்துப் பேராசிரியர் ஸ்கௌட்டேயின் ஆராய்ச்சி முடிவுகளோடு அவை ஒத்திருந்தன. இருவரும் சேர்ந்து உழைத்தனர். 1914-இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

பெற்றோர்களே! உங்கள் மகள் காலித் தீப்பெட்டிகளை அடுக்கி யோசித்துக்கொண்டிருந்தால், வீண்வேலை என்று அதட்டாதீர்கள்.