பழைய ஆலை நிலமும் புதிய குடியிருப்பும்: கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு, ஒரு மறுவாசிப்பு

மூடப்பட்ட தொழிற்சாலை நிலத்தில் வீடுகள் எழும்போது, மண்ணில் ஏற்கெனவே தங்கியுள்ள நஞ்சு அங்குக் குடியேறப் போகிறவர்களை என்ன செய்யும் என்ற கேள்வியைக் கலிஃபோர்னியச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் (1970) பொதுவாக எழுப்புவதில்லை என்பது இத்துறையில் முடிந்த முடிபாகவே கொள்ளப்படுகிறது. கட்டுமானத் தொழில் சங்கம் விரிகுடாப் பகுதிக் காற்றுத் தர மேலாண்மை மாவட்டத்தின் மீது தொடுத்த வழக்கில், 2015 டிசம்பர் 17 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இதற்கு ஆதாரம். திட்டம் சூழலுக்கு என்ன செய்கிறது என்பதை ஆராய்வதே சட்டத்தின் வேலை என்றும், சூழல் திட்டத்துக்கு என்ன செய்கிறது என்பது அதன் எல்லைக்குள் வராது என்றும் அத்தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. தீர்ப்பின் முடிவு நடப்புச் சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அம்முடிவுக்குத் துணையாக அழைக்கப்பட்ட சட்டப் பிரிவுகளுள் ஒன்று, குறிப்பாகப் பழைய தொழில் நிலங்களைப் பொறுத்தவரை, எதிர்த்தரப்புக்கே சாட்சி சொல்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சட்டத்தின் 21083ஆம் பிரிவு, ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் விளைவுகள் மனிதருக்கு நேராகவோ மறைமுகமாகவோ கணிசமான தீங்கு செய்யுமானால் அதைக் குறிப்பிடத்தக்க தாக்கமாகக் கருதச் சொல்கிறது. ‘மனிதர்’ என்பதில் வருங்காலக் குடியிருப்பாளரும் அடங்குவர் என்றது காற்றுத் தர மாவட்டம். நீதிமன்றமோ, தீங்கு திட்டத்தின் விளைவாக வரவேண்டும் என்பதை அழுத்தியதோடு, குடியிருப்பாளர் நலனைக் கருத வேண்டும் எனச் சட்டமன்றம் விரும்பிய இடங்களில் அதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது என்றும் கூறி, விமான நிலையங்களை அடுத்த திட்டங்கள், பள்ளிக் கட்டடங்கள், சிலவகை வீட்டுத் திட்டங்கள் ஆகியவை குறித்த பிரிவுகளைச் சுட்டியது. இவை விதிவிலக்குகள் என்றால், பொது விதி வேறாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் தருக்கம்.

பள்ளிகளையும் விமான நிலையங்களையும் பொறுத்தவரை இத்தருக்கம் பொருந்தக்கூடும். ஏனெனில் அப்பிரிவுகள் ஆய்வுக்கு உட்படும் திட்டங்கள் மீதே கூடுதல் கடமையைச் சுமத்துகின்றன. வீட்டுத் திட்டங்கள் பற்றிய 21159.21ஆம் பிரிவின் இயல்பு வேறு. 2002இல் இயற்றப்பட்ட இப்பிரிவு ஆய்வைக் கூட்டுவதற்காக எழுந்ததன்று. சில நிபந்தனைகளை நிறைவேற்றும் வீட்டுத் திட்டங்களுக்கு ஆய்விலிருந்தே விலக்கு அளிப்பதற்காக எழுந்தது. அந்நிபந்தனைகளுள் ஒன்று முதற்கட்ட அபாய மதிப்பீடு. அதாவது, நிலத்தில் நச்சுப்பொருள் கசிந்துள்ளதா, அருகிலுள்ள சொத்துகளாலும் நடவடிக்கைகளாலும் குடியேறுவோருக்கு உடல்நலக் கேடு நேருமா என்று தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஆராய்வது. முழு ஆய்வு இக்கேள்வியைக் கேட்காது என்று கொண்டால், விலக்குப் பெற்ற திட்டம் மண்ணைச் சோதித்தாக வேண்டும், விலக்குப் பெறாத திட்டத்துக்கு அக்கடமை இல்லை என்ற முரண் பிறக்கிறது. முழு ஆய்வு எப்படியும் கேட்டிருக்கும் கேள்விக்கு முன்கூட்டியே விடை தந்துவிட்ட திட்டத்துக்கு மட்டுமே விலக்கு என்று வாசித்தால் அம்முரண் மறைந்துவிடுகிறது.

விலக்கு ஒரு சலுகை, சலுகைக்குச் சட்டமன்றம் எந்த விலையையும் வைக்கலாம் என்ற மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் அதே பிரிவின் மற்ற நிபந்தனைகளுள் ஈரநிலம், வனவிலங்கு வாழிடம், வரலாற்றுச் சின்னங்கள் பற்றியவை அனைத்தும் முழு ஆய்வு வழக்கமாகக் கேட்கும் கேள்விகளே. ஒரே வரிசையில் நிற்கும் நிபந்தனைகளுள் உடல்நலம் பற்றியவற்றை மட்டும் பிரித்தெடுத்துத் தனி விலை என்று கொள்வதற்குப் பிரிவின் வாசகத்தில் ஆதாரம் காண்பது கடினம்.

தீர்ப்பு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள கேட்டைத் திட்டம் மோசமாக்குமானால், அது குடியிருப்பாளரைப் பாதிக்கும் விதத்தையும் ஆராய வேண்டும். அடித்தளத்துக்காக மாசுபட்ட மண்ணைத் தோண்டுவது இதில் அடங்கும் எனப் பலரும் ஏற்பர். ஆவி ஊடுருவலில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎதிலீன் போன்ற கரைப்பான்கள் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கி, ஆவியாகி, தளத்தின் விரிசல்கள் வழியாக வீட்டுக்குள் புகுவதையே ஆவி ஊடுருவல் என்பர். குடியேறுபவர் தாமாகவே கேட்டை நாடி வருகிறார், திட்டம் எதையும் மோசமாக்கவில்லை என்று வழக்கமான வாசிப்பு இதைத் தள்ளிவிடுகிறது. இயற்பியல் அதற்கு இடம் தரவில்லை. வீட்டின் உள்ளே காற்றழுத்தம் மண்ணில் உள்ளதைவிடச் சற்றுக் குறையும்போது, அந்த வேறுபாடே மண்ணிலுள்ள ஆவியை உள்ளே இழுக்கிறது. திறந்த வெளியில் கலைந்துபோகக்கூடிய ஆவி மூடிய அறையில் தேங்குகிறது. மூச்சில் சேரும் அந்தச் செறிவு கட்டடம் எழுவதற்கு முன் அங்கு இருந்ததில்லை. நிலநடுக்கப் பிளவின் மேல் வீடு கட்டுவதால் பிளவு மாறுவதில்லை; மாசுபட்ட மண்ணின் மேல் கட்டும் வீடோ நஞ்சு செல்லும் பாதையையே உருவாக்குகிறது.

மண்ணைத் தூய்மைப்படுத்துவதை மேற்பார்வையிடத் தனி அரசுத் துறைகள் இருக்கின்றன, எனவே இவ்வாய்வு மிகை என்பாரும் உளர். துறைக்குத் தெரியவந்த நிலத்துக்கே அது பொருந்தும். தெரியாத நிலத்தைத் தெரியவைப்பதுதான் ஆய்வின் பயன்.

2025 ஜூனில் கையெழுத்தான 130ஆம் இலக்கச் சட்டம், நகர்ப்பகுதிகளுக்குள் பெரும்பாலும் 20 ஏக்கர் வரையிலான வீட்டுத் திட்டங்களுக்கு ஆய்விலிருந்து விலக்கு அளித்தபோது, நிலத்தின் கடந்தகாலப் பயன்பாட்டை ஆராயும் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதோடு, அதில் கேடு தென்பட்டால் குடியேற அனுமதிக்கும் சான்று தரப்படுவதற்கு முன்பே அதை நீக்கவோ தணிக்கவோ வேண்டும் என்றும் விதித்தது. 2002இன் அமைப்பே மீண்டும் வந்திருக்கிறது. வழக்கமான வாசிப்பின் முரணும் அதனுடன் பெரிதாகியிருக்கிறது. விலக்குப் பெற்ற திட்டத்தின் குடியிருப்பாளருக்கு எழுதப்பட்ட பாதுகாப்பு உண்டு. விலக்குக்குப் பொருந்தாமல் முழு ஆய்வுக்கு வரும் திட்டத்தின் குடியிருப்பாளருக்கு அது வாதாடிப் பெறவேண்டிய ஒன்றாக நிற்கிறது. இதைச் சரிசெய்ய நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திருத்தும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாசுபட்ட நிலத்தில் எழும் வீடுகளில் வாழப் போகிறவர்களும் ‘மனிதர்’ என்பதில் அடங்குவர் என்று 21083ஆம் பிரிவில் சட்டமன்றம் வெளிப்படையாக எழுதிச் சேர்க்க வேண்டும்.